சோறு கரியாகிற நேரம்

ஜன்னல் ஓரத்துல நீங்களே இருந்துக்கிடுங்க தங்கச்சி. எனக்கு வேண்டாம், வேடிக்கை பாக்குத வயசெல்லாம் போயாச்சு. இந்தப் பையை மட்டும் காலுக்குக் கீழ தள்ளிக்கிடுதேன். உள்ள தூக்குவாளி இருக்கு, சாஞ்சுதுன்னா குழம்பு ஒழுகிரும். நீங்க நாகர்கோவிலா? நல்லது. நான் திசையன்விளையில இறங்கிருவேன். அங்க எங்க சபை கன்வென்ஷன் மூணு நாள் நடக்கு. நான் சும்மா கேக்கப் போகல, சாட்சி சொல்லப் போறேன். நோட்டீஸ்ல பேரு போட்டிருக்கு. இந்தா பாருங்க, மூணாவது பேரு. 'உடன்குடி சகோதரி தங்கபுஷ்பம்.' அது நான்தான்.

வெள்ளச் சேலையைப் பாத்து விதவைன்னு நினைச்சிருப்பீங்க. விதவைதான், ஆனா இது அதுக்கு உடுத்தினது இல்ல. அவிய உயிரோட இருக்கும்போதே உடுத்தியாச்சு. இருவத்தி ரெண்டு வருசமா நகை கிடையாது, பூ கிடையாது, தாலி கிடையாது. எதுக்குன்னு கேளுங்க. நீங்க பொட்டு வச்சிருக்கீங்க, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஆண்டவர் ஒரு நாள் வருவாரு. எப்பன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எக்காளம் ஊதும், ஆயத்தமா இருக்கவங்களைக் கண்ணை மூடித் தெறக்கதுக்குள்ள மேல எடுத்துக்கிடுவாரு. உடுத்தியிருந்த துணி கெடக்கும், செருப்பு கெடக்கும், ஆளு இருக்காது. இரகசிய வருகைன்னு சொல்லுவோம். மிச்சம் உள்ளவங்க இங்கன கெடந்து சீரழிய வேண்டியதுதான். கைவிடப்பட்டவங்கன்னு அவங்களுக்குப் பேரு. எங்க சபைச் சுவர்ல பெரிய துணிப்படம் தொங்குது, ராஜ்யம் எப்படி வரும்னு அம்புக்குறி போட்டு வரைஞ்சிருக்கும். நடுவுல வெள்ளச் சட்டை ஆளுங்க சின்னச் சின்னதா மேல போறாவ, கீழ ஊரு எரியுது. நான் அந்தப் படத்துக்கு நேரா கீழதான் பாய் போட்டு உக்காருவேன். என் இடத்துல வேற யாரும் உக்கார மாட்டாவ.

சிரிக்காதீங்க தங்கச்சி. சிரிக்கலையா? சரி.

என்ன சாட்சின்னு கேக்கீங்களா? எம் மருமக கிணத்துல விழுந்தா. என் ஜெபத்தைக் கேட்டு ஆண்டவர் அவளைத் தூக்கி எடுத்தாரு. அதுதான் சாட்சி. ரெண்டு வருசமா இதைச் சொல்லுதேன். ஏரல்ல சொல்லியாச்சு, வள்ளியூர்ல சொல்லியாச்சு, மணப்பாட்டுப் பக்கம் ஒரு கொட்டகையில சொன்னப்போ ரெண்டு பொம்பளையாளு அங்கனயே மனந்திரும்பிட்டாவ. பாஸ்டர் தயாளன் ஒவ்வொரு கூட்டத்துலயும் "சிஸ்டர், நீங்க சொல்லுங்க"ன்னு மைக்கை நீட்டிருவாரு. பத்து நிமிசம் சொல்லுவேன். எனக்கு இப்போ மனப்பாடம்.

அவ பேரு லீதியா. எம் மகன் ஆசீர் மின்வாரியத்துல லைன்மேன், அவனுக்குக் கட்டி வந்தவ. பெரிய கோயில்காரப் பிள்ளை. கோபுரம், மணி, பெஞ்சு எல்லாம் வச்ச கோயில். அவங்களும் கிறிஸ்தவங்கதான், இல்லன்னு சொல்லல. ஆனா காதுல கம்மல் போடுவாவ. அதுல ஆரம்பிச்சுது தகராறு. ஒரு சோடி சிவப்புக்கல்லு கம்மல், இம்புட்டுக் கூட இருக்காது. அவ அம்மை சாகும்போது கழட்டிக் குடுத்ததாம், இவளுக்குப் பத்து வயசாம். கழட்ட மாட்டேன்னுட்டா. கழட்டாட்டி எங்க சபையில ஞானஸ்நானம் கிடையாது, திருவிருந்து அப்பம் கிடையாது, கடைசிப் பாயிலதான் இருக்கணும். அவ போய் கடைசிப் பாயில இருந்தா. முகத்துல ஒரு வருத்தம் இருக்கணுமே? கிடையாது. அங்கன உள்ள பிள்ளைகளுக்கு மூக்கு தொடைச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. எனக்குத்தான் மானம் போச்சு.

நான் கொடுமைக்காரி இல்ல, பாத்துக்கிடுங்க. கை நீட்டினது கிடையாது. சொல்லுவேன், அம்புட்டுதான். சொல்லாம எப்படி இருக்க முடியும்? மதில் மேல வச்சுக் குழம்பு குடுப்பா, பக்கத்து வீட்டு இசக்கியம்மாளுக்கு. அவ மாடனும் இசக்கியும் கும்பிடுத பொம்பள. ரட்சிக்கப்படாதவ. "நம்ம வீட்டுச் சட்டி அந்த வீட்டுக்கு எதுக்குப் போகணும்?"னு கேட்டேன். அதுக்கு இவ சொல்லுதா, "அவங்களுக்குக் காலு வீங்கிக் கெடக்கு அத்தே, அடுப்பு பத்த வைக்க முடியல." அதோட விட்டாளா? "ராஜ்யம் வரும் வரும்னு நீங்க வாசல்ல நிக்கீங்க. அது பின்வாசல் வழியா வந்துட்டுப் போனா ஒங்களுக்கு ஆளு தெரியுமா?" அப்படிக் கேட்டா. மாமியாட்டப் பேசுத பேச்சா அது? நீங்க சொல்லுங்க. சிரிச்சுக்கிட்டுதான் கேட்டா, இருந்தாலும்.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை, பொங்கலுக்கு ரெண்டு நாள் முந்தி. எனக்கு உபவாச ஜெபம். பொறப்படும்போதே வாய்ச்சண்டை. அதே கம்மல்தான். வாசல்ல நின்னு சொன்னேன், "எக்காளம் ஊதுத அன்னைக்கு நாங்க எல்லாம் போயிருவோம். நீ இந்தக் கம்மலைத் தடவிக்கிட்டு அடுப்படியிலயே நிப்ப. அப்போ என்னைக் கூப்பிடாத, எனக்குக் கேக்காது." கோவத்துல வாரதுதானே. "பாத்துப் போங்க அத்தே, வெயிலு"ன்னா. அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கோவம்.

ரெண்டு மணி இருக்கும், திரும்பி வாரேன். தெருவுல ஒரு சத்தம் இல்ல. மரக்கிளை வெட்டணும்னு எம் மகன் ஆளுங்க லைனை நிறுத்தியிருந்தாவ, அதனால டிவி கூட ஓடல. ஒரு பிள்ளை அழல. எனக்கு அப்போ ஒண்ணும் தோணல. வீட்டு வாசல் தொறந்து கெடக்கு. "லீதி"ன்னேன். அடுப்புல சோறு பொங்கி வழியுது. ஆளைக் காணோம். அடுத்தாப்புல ரூபாவதி சிஸ்டர் வீடு, எங்க சபைதான், காய்ச்சல்னு அன்னைக்குக் கூட்டத்துக்கு வரல. போய்ப் பாக்கேன், கதவு தொறந்து கெடக்கு. அருவாமணை கெடக்கு, பாதி நறுக்கின வெண்டைக்காய் கெடக்கு, ரூபாவதி இல்ல. தெருவுக்கு ஓடினேன். ஒருத்தரும் இல்ல. வேப்பமரத்து மூட்டுல சுடலைமுத்து கெடக்கான், காலையிலேயே குடிச்சுட்டு, வாயில ஈ மொய்க்க. அவன் இருக்கான், நான் இருக்கேன். மத்த யாரும் இல்ல.

ரேசன் கடையில பொங்கல் இலவச வேட்டி சேலை போட்டிருக்கான், ஊரே அங்கன வரிசையில நிக்குன்னு பொறவுதான் தெரிஞ்சுது. ரூபாவதி காய்ச்சலோட போய் நின்னிருக்கா. எனக்கு அப்போ எப்படித் தெரியும்? இருவது வருசமா அந்தப் படத்துக்குக் கீழ உக்காந்தவளுக்கு என்ன தோணும்? வந்துட்டுப் போயிட்டாரு. என்னை விட்டுட்டாரு. அதுதான் தோணுச்சு.

பின்பக்கம் ஓடினேன். துவைக்கிற கல்லு மேல பாதி துவைச்ச துணி. பக்கத்துல அவ தோள்ல போடுத துண்டு. ஒத்தைச் செருப்பு. பாத்ததும் தெரிஞ்சு போச்சு, லீதியாவையும் எடுத்தாச்சு. ஒங்ககிட்ட உள்ளதைச் சொல்லுதேன். என்னை விட்டது கூட எனக்கு அவ்வளவு பெருசாத் தெரியல. அவளை எடுத்தாரே! கம்மல் போட்டவளை! நான் குனிஞ்சு கம்மலைத் தேடினேன். துணி கெடக்கு, செருப்பு கெடக்கு, அப்போ கம்மலும் கெடக்கணும்ல? கல்லுக்கு அடியில, சோப்புத் தண்ணி ஓடுத வாய்க்கால்ல, எல்லாம் கையை விட்டுத் துழாவிப் பாத்தேன். இல்ல. கம்மலோடயே போயிட்டா. அப்போ நான் கழட்டிப் போட்டதெல்லாம் எதுக்கு? தாலியைக் கழட்டும்போது அவிய அழுதாவ. எம் புருசன். அந்த ஆளை அழ வச்சுட்டுக் கழட்டினேன். அது எதுக்கு?

ஆமா, கிணறு அங்கனதான் இருக்கு. கல்லுக்கும் கிணத்துக்கும் நாலு எட்டு. கரண்ட் இல்லாததால மோட்டார் போட முடியாம வாளியில இறைச்சிருக்கா. ஒரு பக்கம் சுவர் இளகிக் கெடந்துது, ஆசீரு பூசுதேன் பூசுதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். கல்லோட சேந்து உள்ள போயிட்டா. இடுப்பு எலும்பு உள்ளயே முறிஞ்சிட்டு. கழுத்து வரைக்கும் தண்ணி. மோட்டார் குழாயைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கா. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கு. நான் வந்த சத்தம் கேட்டு மறுபடியும் கூப்பிட்டிருக்கா.

"அத்தே"ன்னு கேட்டுது.

நான் மேல பாத்தேன். எனக்கு அப்படித்தான் தோணுச்சு, மேல போனவ கூப்பிடுதான்னு. வானத்துல ஒண்ணும் இல்ல, ஒரு பருந்து கூட இல்ல. பொறவு என்ன செஞ்சேன்னா, கல்லுகிட்ட முழங்கால் போட்டு ஜெபிச்சேன். சத்தமாத்தான் ஜெபிப்போம் நாங்க. அஞ்சு நிமிசம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ரேசன் கடையில இருந்து வந்த இசக்கியம்மா மதிலுக்கு மேல எட்டிப் பாத்தா. ஓடி வந்தா. கிணத்தைப் பாத்தா. புதுசா வாங்கிட்டு வந்த இலவசச் சேலையைப் பிரிச்சு, ஒரு முனையைக் கிணத்துத் தூண்ல கட்டி உள்ள விட்டா. "இடுப்பைச் சுத்திக் கட்டிக்கோ தாயி, பிடியை விட்டுராத"ன்னு கத்தினா. வீங்கின காலோட ஓடிப்போய் ஆளைக் கூட்டிட்டு வந்தா. நாலு பேரு சேந்து கட்டில்ல வச்சுத் தூக்கினாவ. அதுதான் சாட்சி. ஜெபிச்சேன், ஆளு வந்துது, பிழைச்சா. இதுல ஏதாவது பொய் இருக்கா?

இசக்கியம்மா பேரைச் சபையில சொல்ல மாட்டேன். 'ஒரு பெண்'னு சொல்லுவேன். பாஸ்டர் அப்படிச் சொல்லச் சொன்னாரு.

என்ன பாக்கீங்க? அஞ்சு நிமிசம்தானான்னா? நான் என்ன வாட்ச் கட்டிக்கிட்டா இருந்தேன்?

சோறு ஒண்ணுதான். நான் வந்தப்போ சோறு பொங்கிக்கிட்டு இருந்துதுன்னு சொன்னேன்ல. அடுப்பை நான் அணைக்கல. அவளை வேன்ல ஏத்தி அனுப்பிட்டு உள்ள வந்து பாக்கேன், பானையில சோறே இல்ல, கரி. அடி மட்டும் இல்ல, மேல வரைக்கும் கரி. தண்ணியெல்லாம் வத்தி, வெந்து, தீஞ்சு, கரியாகி, கேஸும் தீந்து தானா அணைஞ்சு கெடக்கு. நீங்களும் சோறு வடிக்கிறவங்கதானே தங்கச்சி. அதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்? ஆண்டவர் முன்னால நின்னு நான் என்ன வேணும்னாலும் சொல்லிக்கிடலாம். அந்தப் பானைகிட்ட என்ன சொல்ல? கொல்லையில குழி தோண்டிப் பொதைச்சுட்டேன். ஆசீரு கேட்டான், "பானை எங்கம்மா?" ஓட்டையாயிட்டுன்னேன்.

திசையன்விளைக்கு இன்னும் நேரம் இருக்கா? இருக்கு. கரண்டு எடுக்குத காத்தாடி எல்லாம் இன்னும் வரலையே.

சரி. ஒங்ககிட்ட சொன்னா என்ன. நீங்க எங்க ஆளு இல்ல, நாகர்கோவில் போயிருவீங்க, இனிமே ஒங்களை நான் எங்க பாக்கப் போறேன்? ரெண்டாவது தடவையும் கூப்பிட்டா. "அத்தே, கிணத்துக்குள்ள கெடக்கேன்." தெளிவாக் கேட்டுது. எங்க இருந்து வருதுன்னும் தெரிஞ்சுது. கிணத்துச் சத்தம் நமக்குத் தெரியாதா? அப்போ எனக்கு என்ன தோணியிருக்கணும்? ஐயோ பிள்ளைன்னு ஓடியிருக்கணும். எனக்கு அது தோணல. சந்தோசம் வந்துது. ஏ ஆண்டவரே, இவளை எடுக்கல! இவ கிணத்துலதான் கெடக்கா! அப்போ வருகை இன்னும் வரல, நான் கைவிடப்படல! உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு தங்கச்சி. ரெண்டு கையையும் தூக்கினேன். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்"னு சொன்னேன். சொல்லச் சொல்ல நாக்கு தானா ஓடுது. கண்ணுல இருந்து தாரை தாரையா ஊத்துது. என் வாழ்க்கையில அன்னைக்கு மாதிரி நான் ஜெபிச்சதே இல்ல. அவ கீழ "அத்தே அத்தே"ங்கா. நான் மேல ஸ்தோத்திரம் சொல்லுதேன். அவ சத்தம் கேட்டா எனக்கு இன்னும் சந்தோசமா இருக்கு, ஏன்னா அவ இங்கதான் இருக்கா. கேக்கக் கேக்க இன்னும் சத்தமாச் சொல்லுதேன்.

முதல்ல நன்றி சொல்லணும்னுதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு? எந்தக் காரியத்துலயும் முதல்ல அவருக்கு. பொறவுதான் மத்தது. அப்படித்தான் இருந்தேன். எட்டிப் பாத்திருந்தாலும் நான் என்ன செஞ்சிருக்க முடியும்? வயசான பொம்பள. நீச்சல் தெரியாது. கயிறு கூட உள்ள போயிட்டு. சேலை இருந்துது, ஆமா. என் இடுப்புல உள்ளது சேலைதான்.

ரெண்டு மாசம் படுக்கையில கெடந்தா. இப்போ நடக்கா, ஒரு பக்கம் சாய்ச்சு நடக்கா. ஆசீரு ஆஸ்பத்திரியில வச்சுக் கேட்டான், "எப்படி லீதி வெளிய வந்த?" சொல்லிருவா, இப்போ சொல்லிருவான்னு பாத்துக்கிட்டே நிக்கேன். அவ என்னைப் பாத்தா. பொறவு அவன்கிட்டச் சொன்னா, "அத்தை போட்ட சத்தத்துலதான் இசக்கியம்மாக்கா வந்தாவ." அம்புட்டுதான். அதைத்தான் அவன் போய் பாஸ்டர்கிட்டச் சொன்னான். பாஸ்டர் அதைச் சாட்சியாக்கினாரு.

நான் அவ ஏதோ திட்டம் வச்சிருக்கான்னு நினைச்சேன். நினைக்கத்தானே செய்யும்? சரியான நேரம் பாத்து அவுத்து விடப்போறான்னு. ஒரு மாசம் போச்சு, ஆறு மாசம் போச்சு, ஒரு வருசம் போச்சு. ஒண்ணும் இல்ல. சுடுதண்ணி வச்சுத் தாரா. பிரசர் மாத்திரையைக் கையில வைக்கா. சாய்ஞ்சு சாய்ஞ்சு நடந்து வந்து சோறு போடுதா, நான் சாப்பிடுத வரைக்கும் பக்கத்துல இருக்கா. அதுதான் என்னால தாங்க முடியல. ஒரு நாள் திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், தீந்திருக்கும். அவ சோறு எனக்குத் தொண்டையில நிக்கி. நாலு உருண்டைக்கு மேல எறங்க மாட்டேங்கு. ஆசீரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனான். ஒரு குறையும் இல்லன்னுட்டாரு.

போன மாசம் கேட்டுட்டேன். எனக்கு முட்டு வலி, தைலம் போட்டுத் தேச்சுக்கிட்டு இருந்தா. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். "ஏட்டி லீதி, அன்னைக்கு நான் கல்லுகிட்ட நின்னது ஒனக்குக் கேட்டுதா?"ன்னேன். கை நிக்கல, தேச்சுக்கிட்டேதான் இருந்தா. "கேட்டுது அத்தே"ன்னா. "என்ன கேட்டுது?"ன்னேன். "எல்லாம் கேட்டுது. நீங்க ஸ்தோத்திரம் சொன்னது, அழுதது, எல்லாம்."

அப்போ நீ ஏன் சொல்லலன்னு கேட்டேன். என் சத்தம் எனக்கே பிடிக்கல, கிறீச்சுன்னு இருந்துது. அவ தைலத்தை மூடி வச்சுட்டு எந்திரிச்சா. "சொன்னா ஒங்களுக்கு யாரு இருக்கா?"ன்னா. "வாங்க, சோறு ஆறிரும்"னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. கோவமாச் சொல்லல தங்கச்சி. கோவமாச் சொல்லியிருந்தா எனக்குத் தெரியும். எனக்குக் கோவம் தெரியும்.

அதுக்குப் பொறவு இன்னைக்குத்தான் முதல் கூட்டம். காலையில வரமாட்டேன்னு சொல்லத்தான் நினைச்சேன். அவதான் சேலையைத் தேச்சு வச்சிருந்தா. தூக்குவாளியில சோறு கட்டிக் குடுத்தா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சாய்ஞ்சுக்கிட்டே நடந்து வந்து ஏத்தி விட்டா. அவளுக்குத் தெரியும்ல நான் அங்க போய் என்ன சொல்லப் போறேன்னு? தெரிஞ்சே ஏத்தி விட்டா. நான் சாட்சி சொல்லும்போது சனங்க ஸ்தோத்திரம் போடுவாவ. ரெண்டு வருசமா அந்தச் சத்தத்துக்குக் கீழ எனக்கு இன்னொரு சத்தம் கேக்கு. மைக்கைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு இன்னும் சத்தமாப் பேசுவேன். அதைப் பாத்துட்டு, சிஸ்டருக்கு நல்ல அபிஷேகம், ஆவி எறங்கியிருக்குன்னு சொல்லுவாவ.

காத்தாடி வந்துட்டு. ஊரு வந்துட்டு. அந்தா நிக்காவ பாருங்க, வெள்ளச் சட்டை போட்டு, கையில நோட்டீஸோட. மோட்டார் சைக்கிள் மேல சாஞ்சு நிக்கதுதான் பாஸ்டர் தயாளன். இல்ல, நீங்க கைய காட்டாதீங்க. ஜன்னலை மறைச்சு உக்காருங்க தங்கச்சி. கொஞ்சம், கொஞ்ச நேரம் ஒங்க தோள்ல தலையைச் சாச்சுக்கிடுதேன். கண்டக்டர் கேட்டா எங்க அக்கா தூங்குதான்னு சொல்லுங்க.

கேக்கான் பாருங்க. "திசையன்விளை கேட்டது யாரு? ஏம்மா, வெள்ளச் சேலை, இறங்கலையா?" பேசாம இருங்க. போகட்டும்.

போயிட்டானா? பஸ் எடுத்துட்டானா? சரி.

இனிமே எங்கயாவது இறங்கி வீட்டுக்குப் பஸ் பிடிக்கணும். போனா அவ ஏன் வந்துட்டீங்கன்னு கூடக் கேக்க மாட்டா. அதுகூட எனக்கு ஒண்ணும் இல்ல. நான் ஒண்ணு கேக்கேன், நீங்க பதில் சொல்லுங்க. கைவிடப்படுவோம்னு இருவத்தி ரெண்டு வருசம் பயந்தேன். இப்போ அந்தப் பயம் போயிட்டு. வெளிய நிக்கச் சொன்னா நின்னுக்கிடுவேன். அவரு என்னையும் உள்ள கூப்பிட்டுட்டாருன்னா? ராஜ்யத்துல பந்தி போட்டிருக்கும்னு சொல்லுதாவ. எனக்கு முன்னாலேயே அவ அங்க போயிருப்பா, கம்மலோட. அவதான் பரிமாறுவா, வேற யாரு? சாய்ஞ்சு சாய்ஞ்சு நடந்து என் இலைகிட்ட வருவா. வாங்க அத்தே, உக்காருங்கன்னு சொல்லுவா. அவ சொல்லுவா தங்கச்சி, எனக்குத் தெரியும்.

நான் எப்படி உக்காருவேன்?